வெள்ளிமலைப் பெட்டியும் பட்டியலில் இல்லாத போனும்

கல்வராயன் மலையை இருபத்தாறு வருடமாகக் கீழே நின்று பார்த்தவன் நான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்பும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பாவும் அம்மாவும் வெட்டுக்குப் போகும் எந்த வயலில் நின்று மேற்கே பார்த்தாலும் அது நீலமாகத் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் அதில் ஏறியதில்லை. ஏறுவதற்கு அங்கே யாருக்கும் வேலை இருந்ததில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வந்த பிறகும் அந்த மலை எனக்கு வெளிநாடாகவே இருந்தது.

பிறகு எனக்கு அங்கே வேலை வந்தது. சென்னையில் நான் இருக்கும் சின்ன நிறுவனம் மலை ஊர்களுக்கு ஒரு பெட்டி செய்துகொடுக்கிறது. சாப்பாட்டுக் கேரியர் அளவுக்கு ஒரு கணினி. செல்போன் கோபுரம் எட்டாத ஊர்களிலிருந்து, ஊருக்கு ஒன்றாக நட்ட ஆன்டெனாவின் வைஃபை வழியாக வரும் அழைப்புகளை வாங்கி, கோபுரம் எட்டும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. ஆஸ்பத்திரிக்கு ஜீப் கேட்டு வரும் அழைப்பு முன்னால் போக வேண்டும், சினிமாப் பாட்டுப் பார்ப்பவரின் வீடியோ பின்னால் போக வேண்டும். இந்த முன்பின் பார்க்கும் நிரலை எழுதியது நான்.

"வெள்ளிமலைப் பெட்டி வாரத்துக்கு ஒரு நாள் செத்துப்போகிறது. எலி வயரைக் கடித்திருக்கும், இல்லாவிட்டால் இடி. போய்ப் பார்" என்றார் மேலாளர். நானும் அப்படியே நம்பினேன். பையில் இரண்டு சுருள் வயரும், எலி கடிக்காத இரும்புக் குழாயும் வைத்துக்கொண்டேன்.

சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கினால் முதலில் மூக்கில் படுவது மக்காச்சோளத் தூசி. கள்ளக்குறிச்சி பஸ்ஸில் என் கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை இருந்தது. அதன் சொந்தக்காரரான பெரியவர் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, என் காலைத் தூக்கி மூட்டைமேல் வைக்கச் சொன்னார். பாதி வழியில் மூட்டையின் தையல் விட்டுச் சோளம் கொட்டியது. கண்டக்டர் டிக்கெட் பையை இடுப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்து அள்ள ஆரம்பித்தார். நாங்களும் அள்ளினோம். சென்னையில் என்றால் யாராவது வீடியோ எடுத்திருப்பார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஜாபர் பாய் காத்திருந்தார். பேட்டரியும் செல்போனும் விற்கும் கடை. மலைப் பெட்டியை நேரில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எங்கள் நிறுவனம் அவரிடம்தான் கொடுத்திருக்கிறது. போனில் கேட்ட குரலுக்கு ஆள் பெரிதாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் இருந்தார்.

"வயர் எல்லாம் எதுக்கு தம்பி? வயர நானே மூணு தடவ மாத்திட்டேன். எலியும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. சந்த அன்னிக்கு மட்டும் சாவுது. மத்த நாளு நல்லா கீது."

"சந்தை அன்றைக்கு மட்டுமா?"

"ஆமா. காலைல எட்டு ஒம்போதுக்கு போவும். சாயந்தரம் சந்த கலஞ்சா தானா சரியாயிடும். எலி சந்தைக்கு வருமா, நீயே சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூட்டம் அதிகமானால் பெட்டிக்குச் சூடு ஏறுகிறது என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். அன்று மதியம் பாய் வீட்டில் கறிக்குழம்பும் பரோட்டாவும். எங்கள் வீட்டில் கறி எடுப்பது ஆலை சம்பளம் போடும் நாளில்தான் என்பதால், வெறும் ஒரு செவ்வாய்க்கிழமையில் மூன்றாவது முறை குழம்பு ஊற்றப்பட்டபோது சங்கடமாக இருந்தது. மறுக்கவில்லை.

மறுநாள் காலை பாயின் ஜீப்பில் மலை ஏறினோம். ஜீப்புக்கு ஹாரன் இல்லை. பாய் அதை அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் சொன்னார். "வளைவு வந்தா நீ கதவ தட்டு" என்றார். வனத்துறைச் செக்போஸ்டில் பெயர் எழுதிவிட்டு ஏறத் தொடங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் வெளியே கைவிட்டுத் தகரக் கதவை ஓங்கித் தட்டினேன். ஏழாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. எங்களைக் கேட்டு அவர்கள் நின்றார்களா, அவர்களைப் பார்த்து நாங்கள் நின்றோமா என்று தெரியாது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி போகும் அளவு இடம் இருந்தது. பஸ் டிரைவர் பாயைப் பார்த்து, "பாய், ஊதறதுக்கு ஆள் வெச்சிட்டியா" என்று கேட்டுவிட்டுப் பின்னால் எடுத்துக்கொடுத்தார்.

அப்போது பாய்க்கு வீட்டிலிருந்து போன். உருதுவில் பேசினார். பள்ளியில் பக்கத்து பெஞ்சு நண்பனிடமிருந்து எனக்கு அந்த மொழி பாதி தெரியும். "ஆமாம், பையன் நல்ல பையன்தான். படித்தவன். கதவைத் தட்டத் தெரிகிறது. மற்றது இனிமேல்தான் பார்க்க வேண்டும்" என்று சொன்னார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிமலையில் பெட்டி இருப்பது மகளிர் குழுவின் அறையில். சந்தைத் திடலை ஒட்டிய ஓட்டு வீடு. அதைப் பார்த்துக்கொள்பவர் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். ஜீப் கேட்டு வரும் அழைப்பை எடுத்து, டிரைவருக்குச் சொல்லி அனுப்புவதும் அவர்தான். வந்தவுடன் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். சாமை சின்னதாக இருந்தாலும் வயிற்றில் போய்ப் பெரிதாகிறது. பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

"சென்னையில இதான் சாப்பாடா? குருவி தின்னுது" என்றார் அஞ்சலை.

சாப்பிட்டுக்கொண்டே, பெட்டி செத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"இன்னா செய்யறது. போன மாச சந்தைல மேக்கொட்டாய்ல ஒருத்தர பாம்பு கடிச்சிச்சி. போன் போவல. கட்டில்ல வெச்சி தூக்கிக்கினு நாலு பேரு ரோட்டுக்கு வந்தாங்க. ஒண்ணர மணி நேரம் நட. உசுரு பொழச்சிக்கிச்சி. கால் வெரலு ரெண்டு போயிடுச்சி."

கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் 'பெட்டி செத்தது' என்றால் திரையில் ஒரு பச்சைப் புள்ளி சிவப்பாகும். அவ்வளவுதான் நாங்கள் பார்ப்பது.

அஞ்சலை நிறுத்தவில்லை. "நாளைக்கி சந்த. மேக்கொட்டாய்ல கோமதின்னு ஒரு பொண்ணு. மாசம் நெறஞ்சி போச்சி. கொழந்த குறுக்க கீதுன்னு நர்சம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. வலி எடுத்தா ஒடனே கீழ போயிடணும், வூட்டுல வெச்சிக்கக் கூடாதாம். முன்னாடியே போயி ஆஸ்பத்திரில படுடின்னா கேக்க மாட்டேங்கறா. புருசன் குடகுல காப்பித் தோட்டத்துல கீறான், அவன் வந்ததும் போறேங்கறா. நீ பெட்டிய இன்னிக்கே சரி பண்ணிடு தம்பி."

கையைக் கழுவிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

இங்கே கொஞ்சம் என் தொழிலைச் சொல்ல வேண்டும். கணினியின் நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. நினைவகம், வயர், வைஃபை எல்லாம் அதன் கையில். வெளியே ஓடும் ஒரு நிரல் தவறு செய்தால் அது மட்டும் சாகும். கெர்னலுக்குள் இருக்கும் நிரல் தவறு செய்தால் மொத்தக் கணினியும் சாகும். கெர்னலுக்குப் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்க இரண்டு வழி. ஒன்று மாட்யூல். கொடுப்பதைக் கெர்னல் கேள்வி கேட்காமல் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இன்னொன்று இபிபிஎஃப். அதில் வெரிஃபையர் என்ற ஒன்று, நம் நிரலை ஓடவிடும் முன்பே, அது போகக்கூடிய எல்லா வழியிலும் போய்ப் பார்க்கும். முடிவில்லாத சுற்று இருந்தால் ஏற்காது. இல்லாமல் போகக்கூடிய ஒன்றை, இருக்கிறதா என்று பார்க்காமல் தொட்டால் ஏற்காது.

கெர்னல் சாகும்போது கடைசியாகச் சில வரிகள் எழுதிவைத்துவிட்டுச் சாகும். சூடு, மின்சாரம், இடி என்று எதையோ எதிர்பார்த்து அந்த வரிகளைத் திறந்தேன். இல்லாத இடத்தைத் தொட்டதால் செத்தேன் என்று எழுதியிருந்தது. தொட்டது யார் என்றும் எழுதியிருந்தது. அதில் என் பெயர் இருந்தது.

நானே வைத்த பெயர். கெர்னலுக்குள் போகும் என் முதல் நிரல் என்ற பெருமையில், ஒவ்வொரு கூறுக்கும் முன்னால் என் பெயரின் மூன்று எழுத்தைச் சேர்த்திருந்தேன். அதற்கு முந்தைய மரணத்தைத் திறந்தேன். அதே பெயர். அதற்கும் முந்தையது. அதே பெயர், அதே வரி. பாம்பு கடித்த அன்றைய தேதியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

என் முகத்தைப் பார்த்து, "இன்னா தம்பி, கரன்ட் அடிச்சிதா" என்றார் பாய்.

நடந்தது இதுதான். என் நிரல் வரும் ஒவ்வொரு போனையும் ஒரு பட்டியலில் தேடும். பதிவு செய்த போன்களின் பட்டியல். அதில் கிடைத்த குறிப்பைப் படித்து முன்பின் முடிவு செய்யும். பட்டியலில் இல்லாத போன் வந்தால்? வராது என்று நினைத்தேன். வைஃபைக்குக் கடவுச்சொல் இருக்கிறது, அது பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்பது என் கணக்கு.

"பாஸ்வேர்டை வேற யாருக்காவது சொன்னீங்களாக்கா?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

அவர் என்னை வெளியே கூட்டிப்போய்க் காட்டினார். அறையின் சுவரில், குடிதண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலே, சுண்ணாம்பால் முழ உயர எழுத்தில் கடவுச்சொல் எழுதியிருந்தது.

"எல்லா ஊர்லயும் எழுதியிருக்கோம். சந்தைக்கு கீழயிருந்து யாவாரி வர்றாங்க, வேலைக்கி போன பசங்க வர்றாங்க. வந்தவங்களுக்கு தண்ணி குடுக்கறோம். இத மட்டும் மூடி வெப்பாங்களா?"

சந்தை நாளில் மட்டும் ஏன் சாகிறது என்பதற்கு நான் தேடிய விடை சுவரில் எழுதியிருந்தது. பட்டியலில் இல்லாத முதல் போன் வந்து நின்றவுடன் பெட்டி விழும். அணைத்துப் போட்டாலும் அந்த போன் இன்னும் திடலில்தானே இருக்கும். எழுந்தவுடன் மறுபடி விழும்.

இதைவிட மோசமான ஒன்று என் மடிக்கணினியில் இருந்தது. இந்த நிரலை முதலில் நான் வெரிஃபையர் வழியாகத்தான் எழுதினேன். அது ஏற்கவில்லை. இரண்டு நாள் மல்லாடினேன். பிறகு, 'வெரிஃபையருக்கு அறிவு கம்மி' என்று பக்கத்து மேசைக்காரனிடம் சொல்லிவிட்டு அதையே மாட்யூலாக மாற்றினேன். கெர்னல் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. அலுவலகத்தில் அருமையாக ஓடியது. அங்கே இருந்த போன்கள் எல்லாம் பட்டியலில் இருந்த போன்கள்.

அந்தப் பழைய நிரலை இப்போது பெட்டியில் போட்டுப் பார்த்தேன். வெரிஃபையர் அன்று சொன்னதையே இன்றும் சொன்னது. தேடியது கிடைக்காமல் போகலாம், கிடைத்ததா என்று பார்க்காமல் அதைப் படிக்கிறாய். எட்டு மாதம் முன்பு இதே வாக்கியத்தைப் படித்து எரிச்சல்பட்டவன் நான். இரண்டு விரல் போன மனிதரை அது எனக்கு அப்போதே சொல்லியிருக்கிறது.

பாயிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"அப்போ, செக்போஸ்ட்ல புடிச்சான்னு காட்டு வழியா பூந்து வந்துட்டே" என்றார்.

"ஆமாம் பாய்."

"சரி. இப்ப செக்போஸ்ட் வழியா வா."

மதியம் முழுக்க அந்த வேலை. கிடைத்ததா என்று பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். வெரிஃபையர் அடுத்த குற்றத்தைச் சொன்னது: முன்வரிசையைத் தேடும் சுற்று எப்போது முடியும் என்று தெரியவில்லை. அதற்கு ஒரு எல்லை வைத்தேன். பெட்டியைச் சுற்றிக் குழுப் பெண்கள் உட்கார்ந்து நாளைய சந்தைக்குக் கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை நான் முனகும்போதும், "மறுபடியும் பெயிலா" என்று ஒரு பெண் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் எழுதிய எந்தப் பரீட்சையிலும் இத்தனை முறை தோற்றதில்லை. மாலை வெளிச்சம் குறையும்போது ஏற்றுக்கொண்டது. மாட்யூலைப் பிடுங்கி எறிந்தேன்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். கிடைத்ததா என்று பார்க்கச் சொல்லும் வெரிஃபையர், கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்பதில் தலையிடாது. அதை நாம்தான் எழுத வேண்டும். 'பட்டியலில் இல்லாவிட்டால் தள்ளிவிடு' என்று எழுதினேன். யோசித்து எழுதியதில்லை, கை அப்படிப் போனது. எங்கள் தொழிலில் தெரியாததை மறுப்பது பத்திரம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். பாயிடம் சொன்னபோது, "அதான் சரி. யாவாரிங்க வந்து ஓசில படம் பாக்கறானுங்க" என்றார். அஞ்சலையிடம் கேட்கவில்லை. அவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்.

சந்தை காலை ஏழு மணிக்கே நிரம்பியது. பலாப்பழம், புளி, தேன், கீழிருந்து வந்த எவர்சில்வர், நைட்டி, கருவாடு. எங்கள் பக்கத்துச் சந்தையில் கூவிக்கூவி விற்பார்கள். இங்கே பெண்கள் பொருளை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வாங்குபவர்தான் பேச வேண்டும். எட்டு மணி ஆனது. பெட்டி சாகவில்லை. ஒன்பது. சாகவில்லை. அஞ்சலை வந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, எனக்கு ஒரு பலாச்சுளைத் தட்டு வைத்துவிட்டுப் போனார். நான் மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன்: 'சரியாகிவிட்டது.'

நைட்டி விற்பவர் வாசலில் வந்து நின்றார். "அக்கா, நெட்டு வரல இன்னிக்கு. சிக்னல் கோடு எல்லாம் கீது, பேச முடியல."

"சென்னை தம்பி மந்திரம் போட்டிருக்கு. நீ துணிய வில்லு போ" என்றார் அஞ்சலை. என் பக்கம் திரும்பி, "யாவாரிக்கு வராதா?" என்று கேட்டார்.

"வராதுக்கா. நம்ம போன்களுக்கு மட்டும்."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. அதற்குள் வெளியே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

பத்தரை மணி இருக்கும். பலாச்சுளையைத் தின்றுகொண்டே, எத்தனை போன்களைத் தள்ளியிருக்கிறோம் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. நிரலில் அதற்கு ஒரு எண்ணிக்கை வைத்திருந்தேன், ஒவ்வொரு போனுக்கும் தனியாக. பெருமைப்பட்டுக்கொள்வதற்குத்தான். திடலில் இருந்த வியாபாரிகளின் போன்கள் ஆயிரக்கணக்கில் தட்டித் தள்ளப்பட்டிருந்தன. வீடியோ, பாட்டு, செய்தி. கடைசியில் ஒரு வரியில் மட்டும் எண் மிகச் சின்னதாக இருந்தது.

அந்த போன் திடலில் இல்லை. மேக்கொட்டாய் ஆன்டெனா வழியாக வந்திருந்தது. வீடியோ கேட்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. ஒரே ஒரு கதவை மட்டும் தட்டியிருந்தது. இந்த அறையில் அஞ்சலையின் மேசைமேல் இருக்கும் போனின் கதவு. ஜீப் கேட்கும் கதவு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் ஒன்று கூடியது. கொஞ்சம் நின்றது. மறுபடி கூடியது.

தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. 'தள்ளிவிடு' என்று இருந்த ஒரு சொல்லை 'போகவிடு' என்று மாற்றினேன். வெரிஃபையரிடம் கொடுத்தேன். கண் இமைக்கும் நேரத்தில் ஏற்றுக்கொண்டது. நேற்றைய சொல்லையும் இப்படித்தான் ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டும் ஒன்று. இரண்டிலும் பெட்டி சாகாது. ஓடிக்கொண்டிருந்த நிரலை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். பெட்டியை அணைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

மேசைமேல் போன் அடித்தது.

நான் எடுக்கவில்லை. "அக்கா" என்று கத்தினேன். அஞ்சலை ஓடி வந்து எடுத்தார்.

"யாரு... ஏழுமலயா? நீ எப்போ வந்தே? ... எப்பத்துலேர்ந்து? ... ஏன்டா ஒடனே பண்ணல... சரி, சரி, ரோட்டுக்குத் தூக்கியா. வண்டி வருது." போனை வைத்துவிட்டு, "கோமதிக்கு வலி எடுத்து ரொம்ப நேரமாச்சி. தண்ணி ஒடஞ்சி போச்சி" என்றார். ஜீப் டிரைவர் திடலின் மறு மூலையில் வண்டி நிறையப் புளி மூட்டை ஏற்றியிருந்தார். பாய் ஏற்கனவே தன் ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். அஞ்சலை கீழே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஏறினார். நானும் ஏறினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

மேக்கொட்டாய்ப் பிரிவில் கட்டிலோடு நின்றிருந்தார்கள். கோமதி என்னைவிடச் சின்னவள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லை. புருஷன் ஏழுமலை அவள் தலையைத் தன் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையில்தான் குடகிலிருந்து வந்திருக்கிறார், புதுச் சட்டையில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. ஊரில் பதிவு செய்த போன் மூன்று. மூன்றும் அதனதன் சொந்தக்காரர்களோடு சந்தைக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது இவருடைய புது போன் மட்டும்.

வழி முழுக்கக் கதவைத் தட்டினேன். கை வீங்கியது. பாதி மலையில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. வளைவிலேயே நிறுத்தி அவளை மாற்றினோம். அஞ்சலை கூடவே ஏறிக்கொண்டார். ஏழுமலைக்கு அதில் இடமில்லை. அவர் எங்களோடு ஜீப்பில் வந்தார். பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார், யாரிடம் என்று இல்லாமல்.

"மணியடிக்கவே இல்ல. போட்டுப் போட்டுப் பாத்தேன். புதுசா வாங்கின போனு, மடிக்கேரில. கடக்காரன் ஏமாத்திட்டான்னு அவன திட்டிக்கினே இருந்தேன். மொட்ட பாறைல ஏறி நின்னு போட்டேன். அப்பவும் போவல."

பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். ஜீப் குலுங்கியதில் மூடிக்கொண்டேன். குலுங்கியது ஒரு சாக்கு.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கோமதியை நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அறுவை. வெளியே நீள பெஞ்சு. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் காகிதத்தோடு வந்தார்.

"கோமதி வூட்டுக்காரர் யாருங்க? வலி எப்ப ஆரம்பிச்சிது?"

"ஒம்பதே முக்கால் இருக்குங்க."

"வண்டி எப்ப ஏறினீங்க?"

"பதினொண்ணு தாண்டிடுச்சி."

"ஏன் இவ்ளோ நேரம்?"

"போன் போவலங்க."

நர்ஸ் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'சிக்னல் இல்லை.'

"சிக்னல் இருந்ததுங்க" என்றேன்.

நர்ஸ் நிமிர்ந்தார். ஏழுமலையும் திரும்பினார்.

"சிக்னல் நல்லாத்தான் இருந்தது. இவர் போன்லயும் கோளாறு இல்ல. அழைப்பு எல்லாம் பெட்டிக்கு வந்தது. நான் எழுதின நிரல் தள்ளிவிட்டுச்சு. ஒன்பது ஐம்பத்திரண்டுலேர்ந்து பத்து முப்பத்தொன்று வரைக்கும். முப்பத்தொன்பது நிமிஷம்."

நர்ஸுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "இதுக்கெல்லாம் இதுல எடமில்லங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்கு தள்ளினே?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார்.

"உங்க போன் பட்டியல்ல இல்லண்ணே."

"பட்டியல்ல இல்லாதவன் பொண்டாட்டிக்கி வலி எடுக்காதா?"

பாய் எழுந்து போய் மூன்று டீ வாங்கி வந்து, முதலில் அவருக்குக் கொடுத்தார். "நானும் சரின்னுதான்ப்பா சொன்னேன்" என்றார். ஏழுமலை டீயை வாங்கி பெஞ்சுமேல் வைத்தார். குடிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், அஞ்சலை வெளியே வந்தார். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்ததால் என்னால் எதையும் படிக்க முடியவில்லை.

"பொட்டப் புள்ள" என்றார். "அழுதுடுச்சி. கொஞ்சம் தண்ணி குடிச்சிருக்கு, ரெண்டு நாளு கண்ணாடிப் பெட்டில வெச்சிப் பாக்கணுமாம். கோமதி கண்ண தொறந்துட்டா. தெம்பு இல்ல. ஆனா பேசினா."

ஏழுமலை எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். அஞ்சலை என் பக்கம் வந்தார். பெஞ்சில் நான் சொன்னதை நர்ஸ் உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். "தம்பி, நேத்து என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

"கேட்டிருக்கணும்க்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஏழுமலை சட்டைப் பையிலிருந்து அந்தப் புது போனை எடுத்தார். திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் கிழிக்கப்படவில்லை. மேக்கொட்டாயில் அவருடைய அம்மா இருக்கிறார். சேதி கேட்டு, சந்தைக்குப் போனவர்கள் இந்நேரம் போன்களோடு ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இங்கிருந்து போகும் அழைப்பும் வெள்ளிமலைப் பெட்டிக்குள் புகுந்துதான் மேலே போக வேண்டும்.

அவர் பக்கத்து வீட்டு எண்ணை எடுத்து வைத்தார். அழுத்தவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"நீயே போடு. எனக்கு இதுமேல நம்பிக்க இல்ல."

வாங்கினேன். அழுத்தினேன். காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முறுக்குப் பெண் உட்பட. ஒரு முறை மணியடித்தது. இரண்டாவது முறை அடிக்கும்போது எடுத்தார்கள்.

"யாரு?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. பின்னால் கோழி கத்தியது.

போனை ஏழுமலையிடம் கொடுத்தேன்.